டேகேர் குழந்தைகளுக்கு விளையாட்டு வாரம்: எப்படித் திட்டமிடுவது?

கேள்வி இதுதான்: "எங்கள் டேகேரில் ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை 18 குழந்தைகள். பார்த்துக்கொள்ள நாங்கள் மூன்று பேர். அடுத்த மாதம் ஒரு வாரம் முழுக்க விளையாட்டை வைத்து நடத்த வேண்டும். திங்கள் கால்பந்து, செவ்வாய் கூடைப்பந்து, புதன் டென்னிஸ் என்று நாளுக்கு ஒன்றாகப் பிரித்து, வெள்ளிக்கிழமை பெற்றோரை வரவழைத்து ஓட்டப் பந்தயம் வைக்கலாம் என்று யோசனை. இது சரியா? இதில் கற்றல் எங்கே வரும்?"

யோசனையில் தப்பில்லை, ஆனால் இரண்டு மாற்றம் சொல்வேன். நாள்களுக்கு விளையாட்டின் பெயரை வைக்காதீர்கள். உடம்பு செய்யும் வேலையின் பெயரை வையுங்கள். உருட்டும் நாள், எறியும் நாள், தாவும் நாள், உதைக்கும் நாள் என்று. அப்புறம், வெள்ளிக்கிழமைப் பந்தயத்தை எடுத்துவிடுங்கள்.

முதல் மாற்றம் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுக் குழந்தையைப் பொறுத்தவரை கால்பந்து என்று ஒரு ஆட்டமே கிடையாது. பந்து இருக்கிறது, கால் இருக்கிறது, உதைத்தால் அது ஓடுகிறது. அவ்வளவுதான். எதிரணி, கோல் எந்தப் பக்கம், கையால் தொடக்கூடாது, இதெல்லாம் அந்த வயதில் தலைக்குள் போகாது. பந்தைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அது "கால்பந்து நாள்" என்றால், நீங்கள் காலையிலிருந்து மாலை வரை "கையால எடுக்காதே" என்று சொல்லிக்கொண்டே இருப்பீர்கள். அதே நாளுக்கு "உதைக்கும் நாள்" என்று பெயர் வைத்தால் அட்டைப் பெட்டியை உதைப்பதும் சரி, பந்தை உதைப்பதும் சரி. திருத்த வேண்டிய வேலை உங்களுக்குப் பாதியாகக் குறைந்துவிடும். கால்பந்து அங்கே படமாகவும் கதையாகவும் வந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது மாற்றத்தை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். நான் முதன்முதலில் நடத்திய விளையாட்டு வாரத்தில் கடைசி நாள் பந்தயம் வைத்தேன். கோடு போட்டு, கொடி கட்டி, பெற்றோரை வரிசையாக உட்கார வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று சொன்னதும் எட்டுப் பேரில் மூன்று பேர் நேராக அம்மா மடிக்கு ஓடினார்கள். ஒருவன் முடிவுக் கோட்டுக்கு இரண்டடி முன்னால் நின்று, கோட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டைத் தாண்டக்கூடாது என்று வாரம் முழுக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். தொடர் ஓட்டம் இன்னும் மோசம். கையில் கொடுத்த குச்சியை அடுத்தவரிடம் கொடுக்க யாருக்கும் மனசே வரவில்லை. "இது என்னோடது" என்று அணைத்துக்கொண்டு நின்றார்கள். பெரியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்து இரண்டு பேர் அழுதார்கள். அதற்குப் பிறகு இந்த வயதில் பந்தயம் வைத்ததே இல்லை.

சரி, திட்டத்துக்கு வருவோம். முதலில் வயதைப் பிரியுங்கள். 18 பேரையும் ஒரே கூட்டமாக வைத்தால் பெரியவர்களுக்குச் சலிப்பு, சின்னவர்களுக்கு இடி. மூன்று வயதுக்குக் கீழே ஒரு குழு, மேலே ஒரு குழு என்று இருந்தால் போதும். என்ன எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஒரு கைக்கணக்கு: இரண்டு வயதில் பெரும்பாலான குழந்தைகள் ஓடும், பந்தை உதைக்கும். இரண்டரை வயதில் இரண்டு காலையும் ஒன்றாகத் தரையிலிருந்து எடுத்துத் தாவும். பெரிய பந்தைப் பிடிப்பது நான்கு வயது சமாசாரம், ஒற்றைக் காலில் நொண்டுவது ஐந்து வயதையொட்டி. அதனால் மூன்று வயதுக் குழந்தையிடம் பந்தைப் பிடிக்கச் சொல்லி, முகத்தில் பட்டு, அது அழுதால் தப்பு குழந்தையின் மேல் இல்லை.

ஒன்றரை, இரண்டு வயதுக்காரர்களுக்கு என்று தனியாகப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. அவர்களுக்கு உலகத்திலேயே பிடித்த விளையாட்டு, கூடையில் பந்துகளைப் போடுவது, கூடையைக் கவிழ்ப்பது, மறுபடி போடுவது. வாரம் முழுக்க அதையே வைத்தாலும் சலிக்காது. அட்டைப் பெட்டியைச் சாய்த்து ஒரு சரிவு செய்து கொடுத்தால், பந்து மேலிருந்து கீழே ஓடுவதை நாற்பது தடவை பார்ப்பார்கள். இவர்களோடு ஒரு பெரியவர் முழு நேரமும் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற இருவர் பெரிய குழுவோடு.

பந்தைத் தொடுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிக் கொடுக்க வேண்டும்: நிற்பது. திங்கட்கிழமை காலை முதல் வேலை சிலை விளையாட்டு. பாட்டுப் போடுங்கள், ஆடட்டும். பாட்டு நின்றதும் சிலை. அப்புறம் பாட்டுக்குப் பதிலாக ஒரு மணி. மணி அடித்தால் எங்கே இருந்தாலும் சிலை. இது பழகிவிட்டால் அந்த வாரத்தின் பாதிப் பாதுகாப்பு ஏற்பாடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு குழந்தைகள் மோதப் போகிறார்கள் என்று தெரிந்தால் பெயர் சொல்லிக் கத்துவதைவிட மணி வேகமாக வேலை செய்யும். விசில் வேண்டாம். குழந்தைகள் கைக்கு எப்படியும் போய்விடும், ஒருவர் எச்சில் எல்லாருக்கும் போகும், வியாழக்கிழமைக்குள் பாதிப் பேருக்குச் சளி.

திங்கள் உருட்டும் நாள். இதில் சொல்ல அதிகம் இல்லை. கால்களை விரித்து எதிரெதிரே உட்கார்ந்து பந்தை உருட்டிக்கொள்வது; காலி பிளாஸ்டிக் பாட்டில்களை நிறுத்தி விழவைப்பது. விழுந்தது எத்தனை, நிற்பது எத்தனை என்று எண்ணும்போது கழித்தல் என்ற பெயரே இல்லாமல் கழித்தல் வந்துவிடும். பாட்டிலைத் திரும்ப நிறுத்தும் வேலையைக் குழந்தைகளுக்கே கொடுங்கள். விழவைப்பதைவிட அதுதான் பலருக்குப் பிடிக்கும்.

திங்கட்கிழமையே இன்னொரு வேலையும் செய்துவிடலாம்: ஆளுக்கொரு பந்து செய்வது. பழைய தாளைக் கசக்கி உருண்டையாக்கி மேலே அகலமான டேப் சுற்றினால் பந்து. தாள் கசக்குவது விரல்களுக்கு நல்ல வேலை. பெயரையோ ஒரு அடையாளத்தையோ அதன்மேல் எழுதிக்கொள்ளட்டும். ஏன் ஆளுக்கொன்று என்று இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால், குழந்தைகளுக்கான விளையாட்டு நேரத்தைக் கெடுப்பது வரிசை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 பேர், ஒரு பந்து, ஒருவருக்கு அரை நிமிடம். தன் முறை முடிந்த குழந்தை மறுபடி பந்தைத் தொட ஐந்தரை நிமிடம் நிற்க வேண்டும். இருபது நிமிட விளையாட்டில் ஒரு குழந்தை உண்மையில் அசைந்தது ஒன்றரை நிமிடம்தான். மிச்ச நேரம் வரிசையில் நிற்கிறது, அதாவது முன்னால் நிற்பவரின் சட்டையை இழுக்கிறது. நடத்தைப் பிரச்சினை என்று நாம் எழுதி வைப்பதில் பாதி வரிசைப் பிரச்சினைதான். நான்கு பேருக்கு மேல் வரிசை நின்றால் அந்த விளையாட்டை இரண்டாகப் பிரியுங்கள்.

செவ்வாய், எறியும் நாள். வாரத்திலேயே கற்றலுக்கு அதிகமாக இடம் கொடுக்கும் நாள் இது. காரணம், ஒரு உண்மைக் கதை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் கட்டடத்துக்குள்ளேயே விளையாட ஒரு ஆட்டம் வேண்டும் என்று யோசித்தார். பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகளை எடுத்து, உடற்பயிற்சிக் கூடத்தின் மாடக் கைப்பிடியில் இரண்டு பக்கமும் மாட்டினார். ஒரு கால்பந்தை எடுத்து அதற்குள் போடச் சொன்னார். கூடைப்பந்து பிறந்தது அப்படித்தான். அவர் வகுப்பில் இருந்தது 18 பேர், பக்கத்துக்கு ஒன்பது. உங்களிடமும் 18 பேர் இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோதே இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கதையை இங்கே நிறுத்துங்கள். கூடைக்கு அடி இருந்தது என்பதை மட்டும் காட்டுங்கள். ஒரு கூடையை உயரத்தில் பிடித்து, பந்தைப் போட்டு, "இப்போ பந்து உள்ளே போயிடுச்சு. மறுபடி விளையாடணும். என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பத்து விநாடி பொறுத்தால் பதில்கள் வரும். ஏணி, குச்சி, நாற்காலி, யானைத் தும்பிக்கை, கூடையைக் கவிழ்ப்பது. ஏணி என்று சொன்ன குழந்தையிடம் "ஆமாம், அப்படித்தான் செய்தார்கள், ஒவ்வொரு முறையும் ஏறி எடுத்தார்கள்" என்று சொல்லலாம். "ஒவ்வொரு தடவையும் ஏறினால் கால் வலிக்காதா?" என்று அடுத்த கேள்வி. எப்போதாவது ஒரு குழந்தை "ஓட்டை போடலாம்" என்று சொல்லும். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அடியில்லாத ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து வந்து பக்கத்தில் பிடியுங்கள். இரண்டிலும் மாறி மாறிப் பந்து போடட்டும். ஒன்றில் பந்து தங்குகிறது, மற்றதில் விழுகிறது. மேலே, உள்ளே, வழியாக, கீழே என்ற நான்கு சொற்களும் அங்கே கையோடு வந்துவிடும். பெரிய குழுவில் பெட்டிக்கு அடியை வெட்டி எடுக்கும் வேலையை நீங்கள் செய்ய, எங்கே வெட்ட வேண்டும் என்று அவர்கள் கோடு போட்டுக் காட்டலாம். பந்தைவிடச் சின்ன ஓட்டையாகக் கோடு போட்டால் அப்படியே வெட்டிக் கொடுங்கள். சிக்கட்டும். அதுவும் பாடம்தான், நீங்கள் சொல்லித் தருவதைவிட நல்ல பாடம்.

கூடையின் உயரம் பெரியவர்களுக்கு 3.05 மீட்டர். உங்கள் பெட்டியைக் குழந்தையின் மார்பு உயரத்தில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று, தரையில் ஒன்று என்று மூன்று இடத்தில் வையுங்கள். எது வேண்டும் என்று அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். எளிதாக இருப்பதையே ஒரு குழந்தை நாள் முழுக்கத் தேர்ந்தெடுத்தால் தொந்தரவு செய்ய வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. விளையாட்டு வாரத்துக்கு யோசனை தேடினால், காகிதத் தட்டில் குச்சி ஒட்டி பலூனைத் தட்டும் "பலூன் டென்னிஸ்" கண்டிப்பாகக் கண்ணில் படும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். நான் வைக்க மாட்டேன். வெடித்த பலூன் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம். காற்று நிரப்பாத பலூனையும் உடைந்த துண்டையும் எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களிடமிருந்து தள்ளி வைக்கச் சொல்லி அமெரிக்காவில் பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்பது விதி. மெல்லிய துணியை உருட்டி முடிச்சுப் போட்டோ, காற்றடைத்த கடற்கரைப் பந்தையோ வைத்து அதே தட்டும் விளையாட்டை ஆடலாம். மேஜைப் பந்தும் அப்படித்தான். அதன் விட்டம் 40 மில்லிமீட்டர். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான பந்து 44.5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்று அதே நாட்டுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. உங்கள் டேகேரில் கலப்பு வயது என்பதால், பெரியவர்களுக்கு மட்டும் என்று கொண்டு வந்த பந்தும் எப்படியும் சின்னவர்கள் பக்கம் உருண்டு போகும். முழுவதுமாகத் தவிர்த்துவிடுவது நல்லது. மட்டை வேண்டுமென்றால் தாளைச் சுருட்டிச் செய்த மட்டை, ஃபோம் மட்டை, அவ்வளவுதான். மட்டையைச் சுழற்றும் குழந்தைக்குப் பின்னால் யாரும் நிற்காதபடி தரையில் ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் ஒருவர்தான் என்று வையுங்கள்.

புதன்கிழமை எல்லாரும் களைத்திருப்பார்கள், நீங்களும்தான். அதனால் தாவும் நாளை அளக்கும் நாளாக வைப்பது வழக்கம். ஓட்டம் குறைவு, உட்கார்ந்து பார்ப்பது அதிகம். முந்தின நாள் மாலை குழந்தைகள் போன பிறகு தரையில் 8.95 மீட்டர் நீளத்துக்கு டேப் ஒட்டுங்கள், அல்லது வெளியே சாக்பீஸால் கோடு போடுங்கள். 1991இல் டோக்கியோவில் மைக் பவல் என்ற அமெரிக்க வீரர் ஒரே தாவலில் தாண்டிய தூரம் அது. இன்றுவரை அதுதான் ஆண்களுக்கான நீளம் தாண்டுதல் உலக சாதனை. காலையில் குழந்தைகள் வந்ததும் "இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒருத்தர் ஒரே தாவலில் போயிருக்கார்" என்று மட்டும் சொல்லுங்கள். நம்ப மாட்டார்கள். தாவிப் பார்ப்பார்கள். தங்களுக்கு எத்தனை தாவல் ஆகிறது என்று எண்ணுவார்கள்.

அப்புறம் அந்தத் தூரத்தை ஷூவால் அளக்கச் சொல்லுங்கள். எல்லாருடைய ஷூவையும் கழற்றி ஒன்றன்பின் ஒன்றாகக் கோட்டில் வைப்பது. 18 பேருக்கு 36 ஷூ. இந்த வயதுப் பாதங்களின் அளவுக்கு எல்லாவற்றையும் அடுக்கினாலும் ஐந்து, ஐந்தரை மீட்டர்தான் வரும். பாதி வழி கொஞ்சம் தாண்டியதும் ஷூ தீர்ந்துவிடும். அப்போது என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள், அதற்காகத்தான் இந்த ஏற்பாடே. ஒரு முறை என் குழுவில் சமையலறையில் வேலை செய்பவரின் செருப்பு வரை வாங்கி வந்துவிட்டார்கள். இன்னொரு முறை ஒரு நான்கு வயதுக்காரி, பின்னால் இருந்த ஷூவை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டே போனாள். அளவுகோலை நகர்த்தி அளக்கலாம் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

உயரம் தாண்டுதலுக்குச் சுவரில் 2.45 மீட்டரில் ஒரு கோடு. 1993இல் கியூபாவின் ஹவியேர் சோட்டோமேயர் தாண்டியது. பெரும்பாலான கதவுகளைவிட அது உயரம். கதவைத் திறந்து வைத்துக் காட்டினால் குழந்தைகள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

குழந்தைகளின் தாவலை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடாமல் அளக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொருவரும் தாவிய நீளத்துக்கு ஒரு நாடா வெட்டி, அவர்கள் பெயர் எழுதி அவர்கள் பையில் போட்டுவிடுங்கள். சுவரில் வரிசையாக ஒட்டினால் அது மதிப்பெண் பட்டியலாகிவிடும். பெற்றோர் வந்து முதலில் பார்ப்பது அதைத்தான். தாவும் இடத்தில் வளையங்களைத் தரையில் வைக்காதீர்கள், வழுக்கும். சாக்பீஸ் வட்டம் போதும். சாக்ஸோடு தாவக்கூடாது, வெறுங்கால் அல்லது ஷூ.

வியாழன், உதைக்கும் நாள். ஆளுக்கொரு மென்மையான பந்து, சுவரைப் பார்த்து உதைப்பது. எல்லாரும் ஒரே திசையில் உதைத்தால் அடி படாது. நடுவில் அட்டைகள் விளையாட்டை வைக்கலாம். கால்பந்தில் நடுவர் காட்டும் மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970 உலகக் கோப்பையில்தான் முதன்முதலில் வந்தன. கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய நடுவருக்கு சாலையில் போக்குவரத்து விளக்கைப் பார்த்தபோது வந்த யோசனை அது. நாம் பச்சையையும் சேர்த்துக்கொள்ளலாம்: பச்சை என்றால் ஓடு, மஞ்சள் என்றால் நத்தை மாதிரி, சிவப்பு என்றால் சிலை. அட்டையைக் காட்டும் வேலையைக் குழந்தைகளிடம் மாற்றி மாற்றிக் கொடுங்கள். எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் குழந்தை, சொன்ன பேச்சு கேட்காது என்று எல்லாரும் சொல்லும் குழந்தை, கையில் சிவப்பு அட்டையோடு நிற்கும்போது எவ்வளவு பொறுப்பாக மாறுகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

இதற்கெல்லாம் பக்கத்தில் வாரம் முழுக்க ஒரு நடிப்பு மூலை இருக்கட்டும். டிக்கெட் கொடுக்கும் மேஜை, எண்களை மாற்றும் ஸ்கோர் பலகை, அட்டைக் குழலில் செய்த மைக், முதலுதவிப் பெட்டி. மைக்கைக் கையில் கொடுத்தால் பேசாத குழந்தையும் வர்ணனை சொல்லும்: "இப்போ ஓடுறான், விழுந்துட்டான், எழுந்துட்டான்!" மொழி வளர்ச்சிக்கு இதைவிட நல்ல சாதனம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: முதலுதவி மூலைதான் எல்லாவற்றையும் தோற்கடிக்கும். ஒரு துணிக்கட்டுச் சுருளைப் போட்டுவிட்டால் ஆட்டக்காரர்கள் எல்லாரும் காயம்பட்டவர்களாக மாறிவிடுவார்கள். அதற்காக வருத்தப்பட வேண்டாம்.

பங்கேற்காத குழந்தை கண்டிப்பாக ஒன்றிரண்டு இருக்கும். சத்தம் பிடிக்காதவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள், பார்த்துப் பார்த்துத்தான் இறங்குபவர்கள். இழுத்து வராதீர்கள். பந்துகளை எண்ணிக் கூடையில் வைப்பவர், மணி அடிப்பவர் என்று ஒரு பதவி கொடுங்கள். பார்வைக் குறைபாடு உள்ள குழந்தை இருந்தால் பந்துக்குள் சலங்கை வைத்துத் தையுங்கள். இது ஏதோ சலுகை விளையாட்டு இல்லை. பார்வையற்றவர்களுக்கான கோல்பால் என்ற ஆட்டம் பாராலிம்பிக்கில் இருக்கிறது, அதில் பந்துக்குள் மணி உண்டு, ஆட்டக்காரர்கள் எல்லாரும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் ஆடுவார்கள். எல்லாரும் தரையில் உட்கார்ந்து, அறையில் சத்தமே இல்லாமல், சலங்கைப் பந்தை உருட்டி ஆடிப் பாருங்கள். நான் பார்த்ததில் ஓடியாடிக் களைத்த பிள்ளைகளை அமைதியாக்க அதைவிட நல்ல வழி இல்லை. நடக்க முடியாத குழந்தை இருந்தால் உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களை எல்லாருக்கும் பொதுவாக வையுங்கள். உட்கார்ந்து ஆடும் கைப்பந்தும் பாராலிம்பிக்கில் உள்ள ஆட்டம்தான்.

நேரத்தைப் பற்றி. ஒன்று முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு குறைந்தது 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும் என்றும், மூன்று, நான்கு வயதில் அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. இதைப் படித்துவிட்டு மூன்று மணி நேரம் விளையாட்டுப் பாடம் நடத்திவிடாதீர்கள். அது நாள் முழுக்கப் பிரிந்து வரும் கணக்கு; நடப்பது, ஏறுவது, பொருளைத் தூக்கிப் போவது எல்லாம் அதில் அடக்கம். நீங்கள் நடத்தும் பகுதி காலையில் 20 நிமிடம், மாலையில் 15 நிமிடம் போதும். மிச்ச நேரத்தில் பொருள்களை வெளியே வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். சாப்பாட்டு நேரத்தையும் தூங்கும் நேரத்தையும் இந்த வாரத்துக்காக ஐந்து நிமிடம்கூட நகர்த்த வேண்டாம். தண்ணீரைக் கேட்டால் கொடுப்பது என்று இல்லாமல், மணி அடித்து எல்லாரும் குடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு மும்முரத்தில் தாகம் எடுப்பது அவர்களுக்குத் தெரியாது.

பெற்றோருக்கு முந்தின வாரமே ஒரு சின்னக் குறிப்பு அனுப்புங்கள். அழுக்கானால் பரவாயில்லை என்கிற உடை, காலில் இறுக்கமாக நிற்கும் ஷூ, மாற்று உடை. மூச்சிழுப்பு (ஆஸ்துமா) உள்ள குழந்தையின் மருந்து விளையாடும் இடத்துக்கே வர வேண்டும், அலமாரியில் இருந்தால் பயனில்லை. படம் எடுக்கச் சம்மதமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

இனி வெள்ளிக்கிழமை. பெற்றோர் வரட்டும், ஆனால் பார்வையாளர்களாக வேண்டாம். வாரத்தின் நான்கு வேலைகளையும் நான்கு மூலையில் வைத்து, குழந்தை தன் அம்மாவையோ அப்பாவையோ தாத்தாவையோ கையைப் பிடித்து அழைத்துப் போய்ச் சொல்லித் தரட்டும். "இங்க நிக்கணும், இப்படி உருட்டணும்." சொல்லித் தருகிற குழந்தையைக் கவனித்தால் வாரம் முழுக்க என்ன ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும், தனியாக மதிப்பீடு எதுவும் வேண்டாம். பெரியவர்களின் தாவலுக்கும் நாடா வெட்டிக் கொடுங்கள். 8.95 மீட்டர்க் கோட்டில் அப்பாக்கள் தாவிப் பார்க்காமல் போக மாட்டார்கள்; இடுப்பைப் பிடித்துக்கொண்டு போன ஒருவரை எனக்குத் தெரியும், அதனால் மெத்தை விரித்து வையுங்கள். பதக்கம் வேண்டுமென்றால் வியாழக்கிழமை மாலை குழந்தைகளே அட்டையில் செய்து, வண்ணம் அடித்து, வெள்ளியன்று கூட வந்தவர் கழுத்தில் போடட்டும். பதக்க நாடாவைக் கழுத்தில் மாட்டியபடி குழந்தைகள் ஓட வேண்டாம், போட்டதும் ஒரு படம் எடுத்துவிட்டுக் கழற்றிவிடுங்கள்.

வாரம் முடிந்ததும் எல்லாவற்றையும் மூட்டை கட்டி அலமாரியில் ஏற்றிவிடத் தோன்றும். தாள் பந்துகளையும் அடியில்லாத பெட்டியையும் மட்டும் அடுத்த வாரமும் கைக்கு எட்டும் இடத்தில் விட்டு வையுங்கள். வாரம் முழுக்க ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த குழந்தை, பெரும்பாலும் அடுத்த திங்களோ செவ்வாயோ, யாரும் கவனிக்காத நேரத்தில் அதை எடுத்துப் போட்டுப் பார்க்கும்.